ஏழு வீட்டுச் சோப்புத்தூள்

பொய் சொல்வதானால் சின்னதாகச் சொல்ல வேண்டும் என்பது யாத்விகாவின் கட்சி. டிரைவிங் ஸ்கூலில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். பெரிய வண்டியைத் திருப்ப நிறைய இடம் வேண்டும், பெரிய பொய்யும் அப்படித்தான் என்பாள். அதனால் தன் காரில் ஓட்ரா ஆற்றைத் தாண்டி ஜெர்மனிக்குக் கூட்டிப்போகும் பெண்களுக்கெல்லாம் ஒரே பொய்யைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"வீட்ல கேட்டா சோப்புத்தூள் வாங்கப் போறேன்னு சொல்லு. வேற ஒண்ணும் சேர்க்காத."

போலந்தில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதே கம்பெனி, அதே பெயர், அதே நீலப் பை. ஆனாலும் ஜெர்மன்காரன் கடையில் ஜெர்மன்காரனுக்கென்று விற்கும் தூளில்தான் துணி வெளுக்கும் என்று சத்தியம் செய்யாத வீடு கிடையாது.

கின்கா அதைத்தான் சொன்னாள். அன்றைக்குக் காலை, தேவாலயத்துக்குப் பின்னால் நின்ற காரில் ஏறி உட்கார்ந்ததும் அவள் முதலில் சொன்னது வணக்கம்கூட இல்லை.

"சித்தி, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"யாருக்காவது தெரிஞ்சிடுச்சா?"

"இல்ல. சோப்புத்தூள் வாங்கப் போறேன்னு மாமியார்கிட்ட சொன்னேன். அவங்க மாடிப்படியில நின்னு சொல்லிட்டாங்க. இப்ப எங்க படிக்கட்டுல இருக்கிற ஏழு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு பை வேணுமாம். பெரிய பை."

யாத்விகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மெலிந்த முகம், முப்பது வயது இருக்கும். கையில் ஓர் ஆள் புகுந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய கடைப் பை. சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன். திரும்பி வரப்போ பாலத்துக்கு முன்னாடி ஷ்வெட் ஊர்ல ஒரு பெரிய கடை இருக்கு. அங்க நிறுத்தி அள்ளிப் போட்டுக்குவோம். பெல்ட்டைப் போடு."

கார் கிளம்பியது.

அவர்களுக்கு 'சித்திகள்' என்று பெயர். அவர்களாகவே வைத்துக்கொண்டது. ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இருந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் நாள் குறிப்பாள், ஒருத்தி மொழிபெயர்ப்பாள், ஒருத்தி படுக்க இடம் கொடுப்பாள், யாத்விகா வண்டி ஓட்டுவாள். எல்லாம் போனில். கூட்டம் போடக் கூடாது, முழுப் பெயர் கேட்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். நாட்டுச் சட்டம் வேறு மாதிரி. போலந்து ஆஸ்பத்திரியில் கருவைக் கலைக்க அது விடாது. கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணை அது ஒன்றும் செய்யாது. உதவி செய்தவளுக்கு மூன்று வருடம் வரை சிறை.

"எங்க மாமியார் டிவி பாத்துக்கிட்டே சொல்வாங்க," என்றாள் கின்கா, ஊரைத் தாண்டியதும். "இந்தச் சித்திங்களப் பிடிச்சு உள்ள போடணும்னு. அவங்க தங்கச்சி பையன் போலீஸ்ல இருக்கான். ஒரு போன் போதும்னு சொல்வாங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா..."

"எனக்கு என்ன ஆகப்போவுது? நீ வாயத் திறக்கலேன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அத்தை கெட்டவங்க இல்ல சித்தி. என் சின்னவன் இன்னும் தவழ்ந்துக்கிட்டிருக்கான், ராத்திரி முழுக்க அவங்கதான் தூக்கி வச்சிருக்காங்க. புருஷன் நார்வேயில வேலை. இருக்கிறது ரெண்டு ரூம். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மாத்திரை தபால்ல வரும்னு சொன்னாங்க. ஆனா எந்தக் கதவைச் சாத்திக்கிட்டு நான் அதைப் போட்டுக்கிறது?"

"நீ எனக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லம்மா."

"எனக்கு வேணாம் சித்தி. அவ்வளவுதான்."

"அது போதும்."

கொஞ்ச தூரம் போன பிறகு கின்கா கேட்டாள். "உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒருத்தி இருந்தா." யாத்விகா கியரை மாற்றினாள். "முன்னாடி போறவனப் பாரு, இண்டிகேட்டர் போடாம திரும்புறான். இவனுக்கெல்லாம் எவ லைசென்ஸ் குடுத்தாளோ!"

அவள் மகள் லித்யாவுக்கு ஐந்தாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதன் இதயம் தானாக நிற்கட்டும் என்று டாக்டர்கள் காத்திருந்தார்கள். அது நின்றபோது லித்யாவின் ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டிருந்தது. யாத்விகா இதை வண்டியில் சொல்வதில்லை. சொன்னால் ஸ்டியரிங் நேராக நிற்காது.

பாலம் வந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தால் ஜெர்மன் கார்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு போலந்துக்குள் வந்துகொண்டிருந்தன. இவர்கள் போகிற பக்கம் காலி.

"இன்னிக்கு என்ன இவங்களுக்கு? ஊரையே காலி பண்ணிட்டு நம்ம சந்தைக்கு வர்றானுங்க," என்றாள் யாத்விகா. "நமக்கு ராஜபாட்டைதான்."

ஜெர்மன் போலீஸ்காரன் ஒருவன் கண்ணாடியைத் தட்டினான். எங்கே போகிறீர்கள் என்றான். "ஷாப்பிங்," என்றாள் யாத்விகா, கணீரென்று. அவன் புருவத்தைத் தூக்கினான். "ஷாப்பிங்கா? இன்னிக்கா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டினான்.

"என்ன சிரிப்பு வேண்டியிருக்கு இவனுக்கு?" என்று பெர்லின் எல்லை வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

பெர்லினில் மல்வினா காத்திருந்தாள். உணவகத்தில் சமையல்காரி. உருண்டைக் கன்னம், எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். சில வருடத்துக்கு முன்பு போலந்தை விட்டு வந்தவள். கின்காவுக்கு முன்பே போனில் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்து, சட்டப்படி வேண்டிய தாளையும் வாங்கி வைத்திருந்தவள் அவள்தான்.

"வா வா, உள்ள வா. டாக்டரம்மா நல்லவங்க. ஜோக் சொல்வாங்க, ஆனா ஜெர்மன்ல சொல்வாங்க. நான் சிரிக்கிறப்ப நீயும் சிரிச்சிடு."

கதவு மூடியது. யாத்விகா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த நேரம்தான் அவளுக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டம். ஓட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, திட்டுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

பிற்பகலில் கின்கா வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நிமிர்ந்து நடந்தாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பசிக்குது."

யாத்விகாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மல்வினா நிஜமாகவே குதித்தாள். முட்டைக்கோஸ் வைத்த பன்னைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "எனக்குத் தெரியும்! பசிக்குதுன்னு சொல்லிட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு அர்த்தம். ஒரு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, கேட்டுக்க. ஒரு குடம் தண்ணிகூட!"

திரும்பும் வழியெல்லாம் கின்கா தின்றுகொண்டே வந்தாள். ரேடியோவில் வந்த எதையோ சேர்ந்து பாடினாள். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஷ்வெட் ஊர்க் கடையின் பெரிய வாகன நிறுத்தத்துக்குள் யாத்விகா வண்டியை ஒய்யாரமாகத் திருப்பினாள்.

ஒரு கார்கூட இல்லை. கடைக்குள் விளக்கு இல்லை. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இறங்கிப் போய் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்த யாத்விகாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னிக்கு இவங்களுக்குத் திருநாளாம். லீவு."

"ஆனா பெர்லின்ல கடையெல்லாம் திறந்திருந்துச்சே!"

"பெர்லின்ல லீவு கிடையாது. இந்த மாநிலத்துல மட்டும்தான் லீவு." யாத்விகா தலையில் அடித்துக்கொண்டாள். "அதான் காலைல அத்தனை காரு. அதான் அந்தப் போலீஸ்காரன் சிரிச்சான். பெர்லின்ல எந்தத் தெருவுல எந்தக் கதவுன்னு எனக்கு அத்துப்படி. வழியில இருக்கிற ஊருக்கு என்னிக்குத் திருநாள்னு தெரியல பாரு! கல்லறையில விளக்கேத்துற திருநாள் நமக்கு நாளைக்கு, இவங்க திருநாள் இன்னிக்கு."

"பெர்லினுக்கே திரும்பிப் போனா?"

"உன்னை இன்னொரு நாலு மணி நேரம் வண்டில உருட்டவா? மாட்டேன். கடை மூடியிருந்துச்சுன்னு வீட்ல சொல்லிடு."

"காலைல விடியறப்ப கிளம்பினேன் சித்தி. கடை மூடியிருந்தா நான் பத்து மணிக்கு வீட்ல இருந்திருக்கணும். இவ்வளவு நேரம் எங்க இருந்தேன்னு சொல்றது?"

"நம்ம சந்தையில ஜெர்மன் தூள்னு விக்கிறானே, அத வாங்கிட்டா?"

"அத்தை மோந்து பாத்தே சொல்லிடுவாங்க. போன வருஷம் என் கொழுந்தனாரு அப்படி வாங்கிட்டு வந்து, ஈஸ்டர் வரைக்கும் பேச்சு வாங்கினாரு."

அந்த நேரம் பார்த்து கின்காவின் போன் அடித்தது. திரையைப் பார்த்தாள். அத்தை.

மாமியார் ஸ்டெஃபானியாவின் குரல் கார் முழுக்கக் கேட்டது. "எங்கடி இருக்க? மூணாவது மாடிக்காரி வந்து சொல்றா. அவ அண்ணன் ஆத்தோரச் சந்தையில கடை வச்சிருக்கானாம். இன்னிக்கு ஜெர்மன்காரன் கடையெல்லாம் பூட்டுன்னு கூட்டம் அலைமோதுதாம். அப்ப நீ எங்க போன?"

கின்கா கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆமா அத்தை, இங்க பூட்டு. பெர்லின்ல திறந்திருக்குன்னு சொன்னாங்க. அதான் பெர்லினுக்கே போயிட்டோம்."

"சோப்புத்தூளுக்கா பெர்லினு?"

"ஏழு வீட்டுல கேட்டிருக்காங்க. நீங்க மாடிப்படியில நின்னு வாக்குக் குடுத்துட்டீங்க. வெறுங்கையோட வந்தா உங்க மானம் என்னாவறது?"

அந்தப் பக்கம் ஸ்டெஃபானியா யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. "பெர்லின் வரைக்கும் போயிருக்கா. என் மருமவ! உன் மருமவ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவாளா?" திரும்பவும் போனுக்கு வந்தாள். "சரி சரி, பாத்து வா. பசங்க சாப்பிட்டாச்சு."

கின்கா போனை மடியில் போட்டாள். "சொல்லிட்டேன். இப்ப ஏழு பை இல்லாம நான் அந்த வாசல மிதிக்க முடியாது."

"பொய்ய சின்னதாச் சொல்லணும்னு சொன்னேனே!"

"சின்னதாத்தான் சொன்னேன். அது வளந்துடுச்சு."

யாத்விகா போனை எடுத்துச் சித்திகள் குழுவில் வேகவேகமாக எழுதினாள். *அவசரம். ஜெர்மன் சோப்புத்தூள், பெரிய பை, ஏழு. பிரிக்காதது. ஷ்வெட் கடை வாசல். இப்பவே.*

உடனே பதில் வந்தது. *இது ஏதாவது சங்கேதமா?*

*இல்ல. நெஜமாவே சோப்புத்தூள்.*

*வெள்ளைத் துணிக்கா, கலருக்கா?*

பெர்லினிலிருந்து மல்வினா எழுதினாள். *இத்தன வருஷத்துல இப்பதான் இந்தக் குழுவுல உருப்படியா ஒரு கேள்வி வந்திருக்கு.*

பிறகு ஒன்றும் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கின்கா தன் கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். யாத்விகா சாலையையே பார்த்தாள். ஜெர்மன் கரையில் வீடு மலிவு என்று ஆற்றைத் தாண்டிப் போய்க் குடியேறிய போலந்துக் குடும்பங்கள் ஏராளம். சித்திகளில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் திருநாளும் அதுவுமாக, சோப்புத்தூளைத் தூக்கிக்கொண்டு எவள் வருவாள்?

ஒரு கார் திரும்பியது. இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்ட ஒருத்தி இறங்கி, ஒரு நீலப் பையைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"யாத்விகாவா? நான்தான் ரெண்டு வருஷமா உங்களுக்கு 'ரோடு காலி'ன்னு மெசேஜ் போடறவ!"

"நீயா அது!" யாத்விகா அவளைக் கட்டிக்கொண்டாள். "நான் உன்னை ஒரு கிழவின்னு நெனச்சுட்டிருந்தேன்."

இன்னொரு கார் வந்தது. மீசைக்காரர் ஒருவர் இறங்கினார். "என் பொண்டாட்டி அனுப்பினா. எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரியவும் வேணாம். பைய எங்க வைக்கணும்?" இரண்டு பைகளை வைத்தார். கூடவே ஒரு பாத்திரம் பூசணி சூப்பையும் வைத்தார். அப்புறம் ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி, வெள்ளை முடி, சைக்கிளின் இரண்டு பக்கமும் பை தொங்க மூச்சிரைக்க மிதித்து வந்தார். "சொன்னாங்க பவுடர். நான் பவுடர்," என்றார், அரைகுறைப் போலிஷில். இந்த அம்மாவின் வீட்டில்தான் போன குளிர்காலம் முழுக்க வெளியூர்ப் பெண்கள் வந்து படுத்துப் போனார்கள் என்பது அப்போதுதான் யாத்விகாவுக்குத் தெரிந்தது. கையைப் பிடித்துக் குலுக்கினாள், குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் ஒருத்தி வந்தாள். தான் கொண்டுவந்த பையைத் தரையில் போட்டுவிட்டு நேராகக் கின்காவிடம் போய் உட்கார்ந்தாள். "ரத்தப்போக்கு எப்படி இருக்கு? வலி? சரி, நல்லது. இந்தச் சுடுதண்ணிப் பையை வயித்துல வச்சுக்க. திருப்பித் தர வேணாம்."

அதற்கப்புறம் வந்தவர்களை யாத்விகாவால் கணக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை. ஏழு கேட்டால் பதினொன்று சேர்ந்துவிட்டது. ஒன்று கறுப்புத் துணிக்கு மட்டும் போடுகிற தூள். போனில் எழுத்தாக மட்டும் தெரிந்தவர்கள் பூட்டிய கடை வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நீதானா அது, நீதானா அது என்பதே பேச்சு.

"கூட்டம் போடக் கூடாதுன்னு சட்டம்! கிளம்புங்க எல்லாரும்!" என்றாள் யாத்விகா. ஒருத்தரும் நகரவில்லை. அவளும் நகரவில்லை.

"என்னைச் சிரிக்க வைக்காதீங்க," என்றாள் கின்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. "வலிக்குது."

பைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பியபோது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்துவிட்டது.

வழக்கமாக யாத்விகா பெண்களைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவாள். முகத்தைக் காட்டுவதில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்திய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"பையத் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்றாள் கின்கா. "நான் எப்படியாவது..."

"எப்படியாவது என்ன? மூணு மாடி ஏத்துவியா? ரத்தம் கொட்டும்."

"நீங்க வந்தா உங்க முகத்த அத்தை பாத்துடுவாங்க. அவங்க தங்கச்சி பையன்..."

யாத்விகா வண்டியை வாசலுக்கே ஓட்டிப்போய் நிறுத்தினாள்.

ஸ்டெஃபானியா படியில் நின்றிருந்தாள். குட்டையான உருவம், இடுப்பில் ஏப்ரன், பின்னால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகள். காருக்குள் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடியம்மா, கடையவே தூக்கிட்டு வந்துட்டாளே!" பிறகு கின்காவின் முகத்தைப் பார்த்தாள். "என்னடி இப்படி வெளுத்துப்போயிருக்க?"

"வண்டி ஒத்துக்கல அத்தை."

"பெர்லின் வரைக்கும் போனா ஒத்துக்குமா? போ, போய்ப் படு. எதையும் தொடாத." யாத்விகாவின் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் கூட்டிட்டுப் போனதா?"

"ஆமா. டிரைவிங் ஸ்கூல்ல வேலை. எனக்கும் சோப்புத்தூள் வேண்டியிருந்தது."

"வாங்க, ஒரு கை பிடிங்க."

பக்கத்து வீட்டுக்காரிகள் மற்ற பைகளை இறக்க, ஆளுக்கு இரண்டு பையாக இருவரும் மாடி ஏறினார்கள். இரண்டாவது மாடியில் ஸ்டெஃபானியா மூச்சு வாங்க நின்றாள். ஒரு பையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். "ம். இதுதான் அசல்." முகம் மலர்ந்தது. "நாளைக்குக் கல்லறைக்கு உங்க பக்கம் எங்க போவணும்? தூரமா?"

"பக்கத்துலதான். என் மக."

ஸ்டெஃபானியா பைகளைக் கீழே வைத்துவிட்டாள். "மகளா? என்ன வயசு?"

"இருபத்தொன்பது. பிள்ளைத்தாச்சியா ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. ரெண்டும் போச்சு." சொல்லக் கூடாது என்று நினைத்தும் வாய் சொல்லிவிட்டது. "பிள்ளை பிழைக்காதுன்னு டாக்டருங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் காத்திருந்தாங்க."

ஸ்டெஃபானியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். எதற்காகக் காத்திருந்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தவள்போலத் தெரிந்தது, ஆனால் கேட்கவில்லை. யாத்விகாவின் கையிலிருந்த பைகளையும் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "குடுங்க. நீங்க தூக்க வேணாம். மீதிய நான் பாத்துக்கறேன்." நான்கையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பும்போது ஒரு பெரிய சிவப்புக் கல்லறை விளக்குடன் வந்தாள். "வீட்டு ஆளுங்களுக்குன்னு வாங்கினது. ஒண்ணு கூடுதலாத்தான் இருக்கு. என் பேரால உங்க மகளுக்கு ஏத்துங்க."

யாத்விகா அதை வாங்கிக்கொண்டாள். நன்றி என்று சொன்னாளா என்று நினைவில்லை. மேலே கதவிடுக்கில் கின்கா நின்றிருந்தாள். தவழும் பையன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். கின்கா குனிந்து தூக்கப் போனாள். ஸ்டெஃபானியா கீழிருந்தே கத்தினாள். "தூக்காதடின்னு சொன்னேன்ல! படு போ!" கின்கா நிமிர்ந்து யாத்விகாவைப் பார்த்துச் சிரித்தாள், ஒரே ஒரு நொடி.

காரில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, விளக்கைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கும் பெல்ட்டைப் போட்டுவிட்டாள் யாத்விகா. போனை எடுத்தாள். குழுவில் கேள்விகள் வரிசைகட்டி நின்றன. *சேர்ந்தாச்சா? சேர்ந்தாச்சா? மாமியார் மோந்து பாத்தாங்களா?*

*சேர்ந்தாச்சு,* என்று எழுதினாள். *அசல்னு சொல்லிட்டாங்க.*

பூவும் பட்டாசுமாகப் படங்கள் கொட்டின. அதற்கு நடுவில், இரவு உடையில் ஓடி வந்தவளின் செய்தி ஒன்று. *அக்கா, என் வீட்டுக்காரர் மெஷின்ல துணியப் போட்டுட்டு சோப்புத்தூள் எங்கன்னு கேக்கறார். என்ன சொல்றது?*

யாத்விகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள்.

*நாளைக்குக் கடை திறக்கும்னு சொல்லு. நாளைக்கு நமக்குத்தான் லீவு, உங்க ஊருக்கு இல்ல.*